லிட்மஸுக்குப் பதில் வெனிலா

எனக்குப் பகல் எது, இரவு எது என்று மட்டும் தெரியும். ஓர் அறைக்குள் நுழைந்தால் சன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் என் கண்களால் எனக்குப் பயனில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சொல்லப்போவது, நிறத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய ஒரு சோதனையை நான் செய்து காட்டிய கதை.

எழுபதுகளின் கடைசி அது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் ஆரம்பப் படிப்பை முடித்துவிட்டு, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு சாதாரணப் பெண்கள் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். அப்பா ஆயர் ஈத்தாமுக்கும் டவுனுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அம்மா வார இறுதியில் அக்கம்பக்கத்தாருக்குக் கேக் செய்து கொடுப்பார். பிறந்தநாள், காதணி விழா, சீனப் பெருநாள் என்று எதற்காவது யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பள்ளியில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. பாடப் புத்தகங்களைப் பிரெயில் புள்ளி எழுத்தில் மாற்றிக் கொடுக்க ஓர் ஆசிரியை இருந்தார். கரும்பலகையில் எழுதுவதை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி முணுமுணுப்பாகப் படித்துக் காட்டுவாள். டவுனில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். அவளுக்குப் பேசுவது மூச்சு விடுவது மாதிரி. கரும்பலகையில் இல்லாததையும் சேர்த்தே படிப்பாள்.

அறிவியல் கூடம்தான் வேறு மாதிரி. அங்கே எனக்கென்று கதவோரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் மேசைக்கு மேசை கூடி நின்று விளக்கு பற்றவைப்பார்கள், குழாய்களைக் கழுவுவார்கள், எதையாவது கொட்டிவிட்டுக் கத்துவார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"நீ உக்காரும்மா. அசிட் கையில பட்டுச்சுன்னா உங்க அப்பாவுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்பார் அறிவியல் டீச்சர்.

டீச்சரும் தமிழர்தான். வகுப்பில் மலாயில் நடத்துவார், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அன்பாகத்தான் சொல்வார். அதனாலேயே என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்தபோது அரையாண்டு முடிந்து மதிப்பெண் அட்டை கொடுத்தார்கள். தோழி எனக்குப் படித்துக் காட்டினாள். கணக்கு இவ்வளவு, மலாய் இவ்வளவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் அறிவியலில் நின்றாள்.

"எழுத்துத் தேர்வுக்கு நல்ல மார்க். செய்முறைக்கு ஒரு கோடு போட்டிருக்கு."

"கோடா, சைபரா?"

"கோடுதான்லா. சைபர் இல்ல. பயப்படாத."

நான் பயப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது. சைபர் என்றால் செய்து பார்த்துத் தோற்றுப்போனவளுக்குக் கொடுப்பது. கோடு என்றால் அந்த இடத்தில் ஆளே இல்லை என்று பொருள். தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் அட்டையை என் பைக்குள் வைத்து மூடினாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் அமிலம், காரம் பற்றிய பாடம் தொடங்கியது. லிட்மஸ் தாளைப் பற்றி டீச்சர் சொன்னார். சிவப்புத் தாள் காரத்தில் நீலமாகும், நீலத் தாள் அமிலத்தில் சிவப்பாகும். பிறகு எல்லாரும் மேசைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் அறை முழுக்க "ஆ" என்று ஒரு சத்தம். நிறம் மாறிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

தோழி ஓடி வந்து என் கையில் இரண்டு தாள்களை வைத்தாள். "இது நனைச்சது, நீலமாயிடுச்சு. இது நனைக்காதது, இன்னும் செவப்பு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. அதைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டையும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். எல்லாக் காகிதத்துக்கும் இருக்கும் வாசனைதான். ஊரே பார்த்து வியந்த ஒரு பொருள் என் உள்ளங்கையில் கிடக்கிறது, அதில் எனக்கென்று ஒன்றுமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா ஒரு கேக் செய்துகொண்டிருந்தார். வெண்ணெயும் சீனியும் அடிப்பது என் வேலை. முட்டை உடைப்பதும் நான்தான். ஓடு விழாமல் உடைப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அன்றைக்கு எதையோ எடுக்கக் கை நீட்டியவள், மூடியைத் திறந்து வைத்திருந்த வெனிலா எசன்ஸ் போத்தலைத் தட்டிவிட்டேன்.

"ஐயோ, முழு போத்தலையும் கவுத்துட்டியா?"

"துவாலையால தொடச்சிட்டேம்மா."

"நல்லா தொடச்ச போ. இனி துவாலையத்தான் மாவுல போட்டு அடிக்கணும்."

அடுப்படி முழுக்க வெனிலா மணம். என் கைகளிலும் அதே மணம். குழாயடியில் நன்றாகக் கழுவினேன், போகவில்லை. அம்மா அந்தத் துவாலையை என்னிடம் கொடுத்து, பின்பக்கம் துணி ஊறிக்கொண்டிருந்த வாளியில் போடச் சொன்னார். அப்பாவின் காக்கிச் சட்டைகளை அவர் சலவைச் சோடாத் தண்ணீரில்தான் ஊறவைப்பார். பஸ் புகை வேறு எதிலும் போகாது. நான் துவாலையை வாளிக்குள் அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். பழக்கதோஷத்தில் விரல்களை முகர்ந்தேன்.

வெனிலா இல்லை.

குறைந்துபோயிருக்கவில்லை. அடியோடு காணோம். குழாய்த் தண்ணீரில் எத்தனை தேய்த்தும் அசையாத மணம், சோடாத் தண்ணீரில் ஒரு முறை முக்கியதும் போய்விட்டது. துவாலையின் ஒரு முனையை வாளியிலிருந்து தூக்கி முகர்ந்தேன். அதிலும் இல்லை. வாளிக்கு வெளியே தொங்கிய மறுமுனை காய்ந்தபடி கிடந்தது. அதில் மட்டும் மணம் தூக்கலாக இருந்தது.

நான் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். முந்தின வாரம் மனப்பாடம் செய்த பட்டியல் மனத்தில் ஓடியது. சவர்க்காரம், சுண்ணாம்புத் தண்ணீர், சலவைச் சோடா. எல்லாம் காரம். இந்தச் சோடாத் தண்ணீரில் ஒரு லிட்மஸ் தாளை முக்கினால் அது நிறம் மாறும். நான் முக்கியது தாள் இல்லை, துணி. மாறியது நிறம் இல்லை, மணம்.

"அங்க என்னா செய்ற? வெண்ணெ அடிக்க ஆளில்ல இங்க!"

"அம்மா, இன்னும் கொஞ்சம் வெனிலா இருக்கா?"

"இருந்தத எல்லாம் கொட்டிட்டுக் கேள்வி வேற."

ஆனாலும் போத்தலின் அடியில் மிச்சம் இருந்தது. மாலையில் அம்மா ஒரு பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டுவிட்டு நான் சொன்னதைக் கேட்டதும் அவர் இன்னும் குழம்பிப்போனார்.

"காரம்னா மொளகாதானே? சோடாவுல என்னா காரம்?"

"அது வேற காரம்மா. அல்காலின்னு மலாய்ல சொல்வாங்க. வழவழன்னு இருக்குமே, அது."

"உரைப்பு இல்லாத காரமா? நல்ல படிப்பு."

ஒவ்வொரு துணியிலும் ஒரு சொட்டு வெனிலா விட்டுச் சன்னல் கம்பியில் காயவைத்தேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குவளையில் வெறும் தண்ணீர், ஒரு குவளையில் சோடாத் தண்ணீர். எது எது என்று எனக்குச் சொல்லாமல் துணிகளில் அவர் விட வேண்டும். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து செய்தார். நான் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். இரண்டு துணியிலும் வெறும் தண்ணீரை விட்டு ஏமாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் தண்ணிப்பா. வெளையாடாதீங்க."

அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எத்தனையோ பேரு பழைய டிக்கெட்ட காட்டி என்னை ஏமாத்தியிருக்கான். இவளை ஏமாத்த முடியலயே!"

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. யோசித்தார். பேனாவின் மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நெறம்னா பத்துப் பேரு பாத்தாலும் ஒன்னுதான்மா. வாசனை ஆளுக்கு ஆள் மாறும்ல? உனக்குச் சளி புடிச்சா என்னா செய்வ?"

"கண்ணு தெரியறவங்களுக்குக் கண்வலி வந்தா என்னா செய்வாங்க, டீச்சர்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் டீச்சர் கோபிக்கவில்லை. நாளை மறுநாள் துணிகளைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

புதன்கிழமை அறிவியல் கூடத்தில் நானும் டீச்சரும் மட்டும். முதல் முறையாக அந்த மேசையின் முன்னால் நின்றேன். மேல்பலகை வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தொட்டால் எங்கும் சுட்ட தழும்பும் கீறலுமாக இருந்தது. டீச்சர் மூன்று போத்தல்களை வைத்தார்.

"நேரா போத்தல மோந்து பாக்கக் கூடாது. துணியில ஒரு சொட்டு விட்டு, துணியைத்தான் மோந்து பாக்கணும். அதுவும் தள்ளிப் புடிச்சு, கையால விசிறி. இந்த மூணுக்கும் தனியா வாசனை கெடையாது, அதனால நீ தப்பிக்க முடியாது" என்றார்.

சொட்டுக்குழாயை அவரே என் கையில் கொடுத்து, ரப்பர் முனையை எவ்வளவு அழுத்தினால் ஒரு சொட்டு விழும் என்று பழகவிட்டார். பிறகு செய்தேன். முதல் துணியில் வெனிலா இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இருந்தது.

"ரெண்டாவது காரம்."

"சரி." அந்த ஒரு சொல்லில் அவர் குரல் மாறியிருந்தது. ஆனால் உடனே கேட்டார். "முதலாவதும் மூணாவதும்?"

"அது ரெண்டுலயும் வாசம் இருக்கு, டீச்சர்."

"ஒன்னு அசிட். இன்னொன்னு வெறும் உப்புத் தண்ணி. எது எது?"

மறுபடி முகர்ந்தேன். இரண்டும் ஒன்றுதான். வெனிலா அமிலத்துக்கும் அசையவில்லை, உப்புத் தண்ணீருக்கும் அசையவில்லை. என் முகம் சுட்டது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "பாதிக் கெணறு தாண்டியிருக்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இடைவேளையில் சாப்பாட்டுக் கடையில் தோழியிடம் புலம்பினேன். அவள் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அவள் கவலை.

"உனக்கு ஒரு துணிதானே? எனக்கு ரெண்டு தாளு. செவப்புல விட்டேன், மாறலன்னா அத்தோட முடியாது. திரும்ப நீலத்துலயும் விட்டுப் பாக்கணும். இல்லன்னா அசிட்டா தண்ணியான்னு தெரியாது. எத்தன வேல பாரு, லா."

நான் அவள் கையைப் பிடித்ததில் கரண்டி கீழே விழுந்தது.

"என்னாடி?"

"எனக்கும் ரெண்டாவது துணி வேணும். செத்த துணி."

"சாப்பிடுற நேரத்துல என்னா பேச்சு இது?"

காரத்தில் நீலமான தாள், அமிலம் பட்டால் திரும்பச் சிவப்பாகும். அப்படியானால் காரத்தில் மணம் செத்துப்போன துணிக்கும் அமிலம் பட்டால் உயிர் வர வேண்டும். வருமா?

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சோடாத் தண்ணீர் சொட்டி மணம் போன துணியை எடுத்து, அதில் எலுமிச்சைச் சாறு விட்டேன். புசுபுசுவென்று சின்னதாக ஒரு நுரைச் சத்தம். எலுமிச்சை மணம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் வெனிலா இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஆசையில் தோன்றுகிறதோ என்று சந்தேகம். மணமே இல்லாத புளிப்பு எது வீட்டில் இருக்கிறது? அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசித்து, "அப்பா சவரம் பண்ணிட்டுத் தேய்க்கிற படிகாரம் இருக்கு. நாக்குல வெச்சா துவர்ப்பும் புளிப்புமா இருக்கும். வாசம் ஒன்னும் கெடையாது" என்றார்.

படிகாரத்தைக் கரைத்து இன்னொரு செத்த துணியில் விட்டேன். தள்ளிப் பிடித்து விசிறினேன். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன்.

வந்துவிட்டது. மெதுவாகக் கூட இல்லை. கேக் வேகும்போது அடுப்பைத் திறந்தால் வருமே, அப்படி.

"அம்மா! இங்க வந்து மோந்து பாருங்க!"

அம்மா மாவுக் கையோடு வந்தார். செத்த துணியையும் உயிர் வந்த துணியையும் மாற்றி மாற்றி மூக்கருகே காட்டினேன். அம்மா எதற்கும் சுலபமாக ஒத்துக்கொள்பவர் அல்ல. அவர் துணியை வாங்கித் தாமே மறுபடி முகர்ந்தார்.

"போனது எப்படித் திரும்ப வந்துச்சு?" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு வியப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிறம் மாறியபோது வகுப்பு முழுக்க எழுந்த அந்த "ஆ" இப்போது எங்கள் அடுப்படியில் கேட்டது. அதைக் கேட்கவைத்தது நான்.

டீச்சரிடம் மறுபடி போனேன். இந்த முறை ஒவ்வொரு போத்தலுக்கும் இரண்டு துணி. மணமுள்ளது ஒன்று, மணம் செத்தது ஒன்று. மணமுள்ளதைக் கொன்றால் காரம். செத்ததை எழுப்பினால் அமிலம். இரண்டையும் ஒன்றும் செய்யாவிட்டால் நடுநிலை. டீச்சர் போத்தல்களின் இடத்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தானே கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தார். கண்ணை மூடியிருப்பதாக அவரே சொன்னார். இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

"நான் ஒன்னு தப்பா சொல்லிட்டேன்" என்று சிரித்தார். "சரிம்மா. வருசக் கடைசி செய்முறைத் தேர்வ நீயும் எழுதற. தலைமையாசிரியைகிட்ட நான் பேசிக்கிறேன்."

தேர்வு நாளன்று எனக்கும் மற்றவர்களைப் போல ஒரு மேசை. சோதனைக் குழாய்களில் மற்றவர்களுக்கு எழுத்து ஒட்டியிருந்தது. என் குழாய்களின் கழுத்தில் டீச்சர் நூல் கட்டியிருந்தார், முதலாவதற்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு என்று. தோழிக்கு என்னோடு பேசத் தடை. அவள் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதற்குத் தடை இல்லை.

துணிகளைத் தட்டில் வரிசையாகப் பரப்பினேன். முதல் குழாய், செத்த துணி எழுந்தது. அமிலம். அடுத்தது, எதுவும் அசையவில்லை. நடுநிலை. அதற்கடுத்தது மணத்தை ஒரே சொட்டில் கொன்றது. காரம். ஒவ்வொன்றுக்கும் இடையில் சன்னல் பக்கம் போய் நின்று வெறும் காற்றை இழுத்துக்கொண்டேன். மூக்கு சீக்கிரம் களைத்துவிடும், பழகிய மணத்தை அது மறந்துவிடும். வீட்டில் செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டது அது.

ஒரு குழாயில்தான் மாட்டிக்கொண்டேன். மணமுள்ள துணியில் விட்டேன். வெனிலா போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. அடுத்த வீட்டில் யாரோ கேக் சுடுகிற மாதிரி எங்கோ இருந்தது. செத்த துணியில் விட்டேன், அது எழவில்லை. அப்படியானால் அமிலம் இல்லை. நடுநிலையா? நடுநிலை என்றால் மணம் முழுசாக இருக்க வேண்டுமே. சுற்றிலும் பெண்கள் எழுதி முடித்து நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டதோ என்று பயம் வந்தது. சன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். வெறும் தண்ணீர் விட்ட துணி ஒன்றை இந்தப் பக்கமும் அந்தக் குழாயின் துணியை அந்தப் பக்கமும் வைத்து மாறி மாறி முகர்ந்தேன். தண்ணீர்த் துணியில் மணம் கிட்டத்தில் நின்றது. மற்றதில் தூரத்தில் நின்றது. ஏதோ ஒன்று அதைத் தள்ளியிருக்கிறது. முழுதாகத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை.

பலவீனமான காரம் என்று, நான் விடை எழுதும் தட்டச்சுப் பொறியில் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் விடைத்தாள்களோடு வகுப்புக்கு வந்தார். அந்தக் கடைசிக் குழாயில் இருந்தது சமையல் சோடா கரைத்த தண்ணீர் என்றார். வகுப்பில் பாதிப் பேர் அதை நடுநிலை என்று எழுதியிருந்தார்களாம். தாள் இலேசாக மாறியதை அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு என் பெயரைச் சொல்லி, மலாயில் எல்லாருக்கும் கேட்க, "முழு மதிப்பெண்" என்றார். முதலில் கத்தியது என் தோழிதான். அவளும் அந்தக் குழாயைத் தவறாக எழுதியவர்களில் ஒருத்தி. அந்த வருத்தம் அவளுக்கு இருந்ததாகவே தெரியவில்லை.

மதிப்பெண் அட்டை கொடுத்த அன்று வேண்டுமென்றே காத்திருந்து அப்பாவின் பஸ்ஸில் ஏறினேன். என் குரலைக் கேட்டதும் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையைக் காலி செய்யச் சொன்னார். நான் உட்காராமல் அட்டையை நீட்டினேன்.

"செய்முறைன்னு இருக்கும், பாருங்கப்பா. கோடு இருக்கா?"

அப்பா படித்தார். டிக்கெட் கிழிக்கும் சத்தம் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். தமிழில் சொன்னார், மலாயில் சொன்னார், அரைகுறை ஹொக்கியன் சீனத்திலும் சொன்னார்.

"என் மக, அசிட் எது தண்ணி எதுன்னு மூக்காலயே சொல்லி முழு மார்க் வாங்கியிருக்கா!"

"அப்பா, போதும்பா."

"நீ சும்மா இரு. மத்தவங்க கண்ண தொறந்து வெச்சுக்கிட்டுத் தப்பா எழுதியிருக்காங்க!"

பாசார்ச் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவி அவர் சொன்னதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, ஒரு பையைத் திறந்து என் முகத்தருகே நீட்டினார். மீன். இது நேற்றையதா இன்றையதா என்று மலாயில் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் முகர்ந்து பார்த்து இன்றையது என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை அப்பா அந்த அட்டையைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். எனக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை அவருக்கு.

மூன்றாம் படிவத் தேர்வில் அறிவியல் பிரிவுக்குப் போகிற அளவு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் பள்ளி என்னை அதற்கு அனுப்பவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். தராசு, தீ, அளவுக்குழாய், தேசியத் தேர்வின் விதிகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு தவணை மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார், நான்தான் நிறுத்தினேன். கோபம் எனக்கும் நிறைய நாள் இருந்தது. கலைப் பிரிவில் சேர்ந்து வரலாறும் மொழியும் படித்தேன். பின்னாளில் அதில்தான் பட்டமும் வாங்கினேன், வேலையும் பார்த்தேன். அந்தப் படிப்பையும் நான் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்குச் சொன்ன மறுப்பு தவறு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அறிவியல் டீச்சர் ஆள் அனுப்பினார். அறிவியல் கூடத்துக்குப் போனேன். அந்த ஆண்டு இரண்டாம் படிவத்தில் பார்வையற்ற பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். இருவரும் மேசையின் முன்னால் நின்றிருந்தார்கள். கதவோரத்தில் கைவைத்துப் பார்த்தேன். நாற்காலி எதுவும் இல்லை.

"உன் துணியை வெச்சு இவங்களும் செய்றாங்க. ஆனா ஒருத்தி என்னமோ புதுசா சொல்றா. நீயே கேளு" என்றார் டீச்சர்.

அவள் ஒரு மலாய்ப் பெண். தீவின் மறுபக்கம் பாலேக் பூலாவ் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அங்கே அவர்கள் வீட்டு முற்றத்தில் கிராம்பு காயப்போடுவார்களாம். கிராம்பு வாசனையில்லாமல் ஒரு நாள் விடிந்ததில்லை என்றாள். வெனிலாவை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கிராம்புத் தைலத்தில் துணியை நனைத்துச் செய்து பார்த்திருக்கிறாள்.

"அக்கா, உங்க வெனிலா சமையல் சோடாவுக்கே பயந்து ஓடுது. என் கிராம்பு அதுக்கு ஓடல. சலவைச் சோடாவுக்குத்தான் ஓடுது" என்றாள் மலாயில்.

ஒரு நிமிடம் எனக்குள் என்னவோ செய்தது. அது என் சோதனை. அதை வேறொருத்தி தொட்டுவிட்டாள் என்கிற சின்னப் பொறாமை. நான் துணிகளை வாங்கிக்கொண்டு நானே செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சமையல் சோடாத் தண்ணீர் பட்ட இடத்தில் வெனிலா எங்கோ ஒதுங்கிப்போயிருந்தது, கிராம்பு அசையாமல் நின்றது. சலவைச் சோடா பட்டதும் இரண்டும் போய்விட்டன.

அப்புறம்தான் எனக்கு அது விளங்கியது. வெனிலாவை மட்டும் கொல்வது மெலிந்த காரம். இரண்டையும் கொல்வது வலுத்த காரம். தேர்வு நாளில் நான் சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்து திண்டாடிய கேள்விக்கு இந்தப் பெண் நேரான வழி கண்டுபிடித்திருக்கிறாள். நிறம் பார்க்கிறவர்களிடம் பல நிறங்களாக மாறும் தாள் ஒன்று உண்டு, எவ்வளவு காரம் எவ்வளவு அமிலம் என்று சொல்லும். எங்களிடம் இப்போது அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது.

இதை நான் சொன்னதும் டீச்சர் மேசையை ஓங்கித் தட்டினார். அந்தப் பெண் வெட்கப்பட்டு ஏதோ முணுமுணுத்தாள். நான் அவள் தோளைத் தேடிப் பிடித்து, "இது உன்னோடது. யாரும் கேட்டா நீதான் கண்டுபிடிச்சன்னு சொல்லு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மாவு சலித்துக்கொண்டே கேட்டார்.

"உன்னையவிட ஒரு படி மேல போயிட்டாளா அவ?"

"ஆமாம்மா."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். முழு மதிப்பெண் என்று டீச்சர் படித்தபோது எப்படி இருந்ததோ, அதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னேன். அம்மா சலிப்பதை நிறுத்திவிட்டு, அவளை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.